தற்காப்பின் எல்லையும் இல்லத்தில் ஓங்கும் கையும்

(கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள காரவள்ளிப் பகுதிக் குடும்பங்களுக்காக ஆற்றப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே! அவனது இறுதித் தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் என்றென்றும் உண்டாவதாக!



காரவள்ளியிலிருந்து மலையேறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன என்பதை நீங்கள் அறிவீர்கள். மேலே சோளக்காட்டுச் சந்தைக்கு மிளகும் காபியும் பலாவும் வாழையும் வருகின்றன. அவற்றைக் கொள்முதல் செய்யும் வியாபாரி கையில் ரொக்கத்தோடு பயணம் செய்கிறார். அவர் திரும்பும்வரை இல்லத்தார் தனித்திருக்கிறார்கள். காட்டு ஓரத்து வீடு, இருண்ட இரவு, தொலைவில் காவல் நிலையம். இத்தகைய சூழலில் வாழும் குடும்பத்தார் மனத்தில் இயல்பாகவே ஒரு கேள்வி எழும்: "நள்ளிரவில் எவனாவது கதவை உடைத்து உள்ளே வந்தால் நான் என்ன செய்யலாம்? எதுவரை செய்யலாம்?"

இக்கேள்விக்கு மக்களிடையே இரண்டு தவறான விடைகள் உலவுகின்றன. "என் வீட்டிற்குள் வந்தவனை நான் வெட்டினாலும் சட்டம் ஒன்றும் செய்யாது" என்பது ஒன்று. "என் வீட்டிற்குள் நான் யாரை அடித்தாலும் வெளியார் கேட்க முடியாது" என்பது மற்றொன்று. முன்னது திருடனைக் குறித்துச் சொல்லப்படுவது. பின்னது மனைவி மக்களைக் குறித்துச் சொல்லப்படுவது. இரண்டிற்கும் வேர் ஒன்றுதான். வீட்டுச் சுவர் தன் கைக்கு வரம்பற்ற அதிகாரம் தருகிறது என்னும் எண்ணமே அந்த வேர். மார்க்கமும் நாட்டுச் சட்டமும் இந்த எண்ணத்தை ஏற்கவில்லை.

மார்க்கம் வகுத்த வரிசை

உயிரையும் உடைமையையும் குடும்பத்தையும் காத்துக்கொள்வது முஃமினின் உரிமை. தன் பொருளைக் காக்கப் போராடிக் கொல்லப்பட்டவர் ஷஹீத் என்று நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததை புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் காண்கிறோம். எனினும் அந்தப் போராட்டம் எந்தக் கட்டத்தில் வருகிறது என்பதை நஸாயீயில் பதிவான ஒரு ஹதீஸ் தெளிவாக்குகிறது. ஒருவர் நபியவர்களிடம் வந்து, தம் பொருளைப் பறிக்க ஒருவன் வந்தால் என்ன செய்வது என்று வினவினார். முதலில் அல்லாஹ்வை நினைவூட்டி அவனை எச்சரிக்குமாறு சொன்னார்கள். அவன் கேட்காவிட்டால், சுற்றிலும் உள்ள முஸ்லிம்களின் உதவியை நாடச் சொன்னார்கள். அருகில் எவரும் இல்லையெனில் ஆட்சியாளரின் உதவியைத் தேடச் சொன்னார்கள். ஆட்சியாளரும் தொலைவில் இருந்தால் அப்போதுதான் எதிர்த்துப் போராடச் சொன்னார்கள்.

சகோதரர்களே, இந்த வரிசையைக் கவனியுங்கள். முதலில் நாவு, பிறகு அயலார், பிறகு அரசு, இறுதியில்தான் கை. ஃபிக்ஹு அறிஞர்கள் இதை 'தஃப்உஸ் ஸாயில்', அதாவது தாக்க வருபவனைத் தடுத்தல் என்னும் தலைப்பில் ஆய்ந்து, இலேசானதிலிருந்து தொடங்கிப் படிப்படியாகவே கடுமையானதற்குச் செல்லலாம் என்று விதி வகுத்தார்கள். சத்தமிட்டால் ஓடிவிடுபவனை அடிக்கக் கூடாது. அடித்தால் விலகிவிடுபவனை வெட்டக் கூடாது. மேல் படிக்கு ஏறக் கீழ்ப்படி பயனற்றுப் போயிருக்க வேண்டும். அல்லது அதற்கு அவகாசமே இல்லாதிருக்க வேண்டும்.

அதே வேளையில், தன்னைக் காத்துக்கொண்டவரை மார்க்கம் தண்டிப்பதுமில்லை. ஒருவர் மற்றவரின் கையைக் கடித்தார். கடிபட்டவர் கையை வெடுக்கென்று இழுத்தபோது கடித்தவரின் முன்பற்கள் விழுந்துவிட்டன. வழக்கு நபியவர்களிடம் வந்தது. பல்லை இழந்தவருக்கு இழப்பீடு இல்லை என்று தீர்ப்பளித்தார்கள் (புகாரி, முஸ்லிம்). கையை விடுவித்துக்கொள்ளும் செயலில் நேர்ந்த சேதம் அது. கையை விடுவித்த பிறகு திரும்பி வந்து பல்லை உடைத்திருந்தால் அது பழிவாங்கலாகியிருக்கும்.

நாட்டுச் சட்டம் சொல்வது என்ன?

நம் நாட்டில் தற்காப்பு உரிமையை 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் வகுத்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதனிடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துள்ளது. அதில் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் இதே உரிமையைப் பேசுகின்றன. எண்கள் மாறினாலும் அடிப்படை மாறவில்லை.

முதலாவது, தன் உடலைக் காக்கும் உரிமை மட்டுமன்றிப் பிறர் உடலைக் காக்கும் உரிமையும் ஒவ்வொருவருக்கும் உண்டு. திருட்டு, கொள்ளை, சேதம் விளைவித்தல், அத்துமீறி நுழைதல் ஆகியவற்றிலிருந்து தன் உடைமையையும் பிறர் உடைமையையும் காக்கலாம் (பிரிவு 35).

இரண்டாவது, காவல் துறை போன்ற பொது அதிகாரிகளின் பாதுகாப்பை நாடுவதற்கு அவகாசம் இருக்குமானால் இவ்வுரிமை இல்லை. அவகாசம் இல்லாதபோதும், தற்காப்புக்குத் தேவையான அளவைவிட அதிகத் தீங்கு இழைக்க உரிமை இல்லை (பிரிவு 37).

மூன்றாவது, எதிரியின் உயிரே போகுமளவுக்குத் தற்காப்பு செல்லத்தக்க நிலைகளைச் சட்டம் எண்ணிச் சொல்கிறது (பிரிவு 38). மரணம் அல்லது கொடுங்காயம் நேரும் என்ற நியாயமான அச்சம், பாலியல் வன்தாக்குதல், கடத்தல், அதிகாரிகளின் உதவியை நாட இயலாதபடி அடைத்து வைத்தல், அமில வீச்சு ஆகியவை அவற்றுள் அடங்கும். அமில வீச்சு 2013-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் இப்பட்டியலில் சேர்ந்தது. உடைமையைப் பொறுத்தவரை, கொள்ளை, சூரிய மறைவுக்குப் பின்னும் உதயத்திற்கு முன்னும் வீட்டை உடைத்து நுழைதல், குடியிருப்புக்குத் தீ வைத்தல் முதலியவற்றில் உரிமை அந்த எல்லை வரை செல்லும் (பிரிவு 41). அங்கும் தேவைக்கு மிஞ்சக் கூடாது என்ற நிபந்தனை நீங்குவதில்லை. பகலில் மாம்பழம் பறிக்க வேலி தாண்டிய சிறுவனை அரிவாளால் வெட்டுபவருக்கு இச்சட்டத்தில் இடமில்லை.

நான்காவது, உடல் தொடர்பான உரிமை, ஆபத்து நேரும் என்ற நியாயமான அச்சம் எழுந்தவுடன் தொடங்குகிறது. முதல் அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்த அச்சம் நீடிக்கும்வரை மட்டுமே உரிமையும் நீடிக்கிறது (பிரிவு 40). கட்டிப் போடப்பட்ட திருடனை ஊர் கூடி அடிப்பது தற்காப்பன்று, அது குற்றம். அவன் இறந்துவிட்டால் கொலை வழக்கே வரும்.

தாக்கப்படும் மனிதன் தராசு பிடித்து அளந்து அடிக்க முடியாது என்பதையும் நீதிமன்றங்கள் உணர்ந்திருக்கின்றன. பஞ்சாபில் தந்தை தாக்கப்பட்டபோது மகன் துப்பாக்கியால் சுட்ட தர்ஷன் சிங் வழக்கில், உயர் நீதிமன்றம் அளித்த தண்டனையை உச்ச நீதிமன்றம் 2010-இல் நீக்கி அவரை விடுதலை செய்தது. அத்தீர்ப்பில் தற்காப்பு உரிமையின் நெறிகளையும் வரிசைப்படுத்தித் தந்தது. ஆயினும் ஒன்றை மறவாதீர்கள். தற்காப்புக்காகவே செய்தேன் என்று காட்டும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவரையே சாரும். அளவை மீறினார் என்று நீதிமன்றம் கருதினால், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்திற்குத் தண்டனை பெறவும் நேரிடும்.

இருளில் நிற்பவர் யார்?

தண்டனைச் சட்டத்தை எழுதியவர்கள் அதற்குள் ஓர் உதாரணத்தையும் சேர்த்திருந்தார்கள். ஒருவர் தாம் நுழைய உரிமையுள்ள வீட்டிற்குள் இரவில் நுழைகிறார். உள்ளே இருப்பவர் அவரைத் திருடன் என்று நல்லெண்ணத்தோடு நம்பித் தாக்குகிறார். தாக்கியவர் குற்றவாளி அல்லர். ஆனால் தாக்கப்பட்டவருக்கும் தற்காப்பு உரிமை உண்டு. எண்ணிப் பாருங்கள்! இருவரும் நிரபராதிகள், இருவர் கையிலும் உரிமை. விடியும்போது அவர்களில் ஒருவர் மையித்தாக இருக்கலாம். சட்டம் மன்னித்தாலும் அந்த வீட்டில் அழுகை நிற்குமா?

தென்னாப்பிரிக்காவின் புகழ்பெற்ற ஓட்டவீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் 2013-ஆம் ஆண்டு பிப்ரவரியில், தம் வீட்டுக் கழிப்பறையின் மூடிய கதவு வழியாகச் சுட்டார். உள்ளே திருடன் இருப்பதாக எண்ணியதாகச் சொன்னார். உள்ளே இறந்து கிடந்தவர் அவருடைய காதலி. 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைக் கொலை என்றே தீர்ப்பளித்தது. கதவுக்குப் பின்னால் எவர் இருந்தாலும் சுட்டால் இறக்கக்கூடும் என்பதை அறிந்தே அவர் சுட்டார் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இங்கிலாந்தில் தனித்த பண்ணை வீட்டில் வாழ்ந்த டோனி மார்ட்டின் என்னும் விவசாயி, 1999-இல் இரவில் நுழைந்த இருவரைச் சுட்டார். அவர்களில் 16 வயதுச் சிறுவன் ஒருவன் இறந்தான். திருட வந்தவர்கள் என்பதில் ஐயமில்லை. இருந்தும் அவருக்குக் கொலைத் தண்டனை கிடைத்தது. 2001-இல்தான் மனநலக் காரணம் காட்டி மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது.

நம் மலைப்பகுதியில் விலங்குகளை விரட்டவும் வேட்டைக்கும் எனச் சிலர் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளை வைத்திருக்கும் வழக்கம் உண்டு. அவற்றைத் தாமாகவே ஒப்படைத்துவிடுமாறு காவல் துறை மலைக் கிராமங்களில் வேண்டியும் இருக்கிறது. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். 2019 திருத்தத்திற்குப் பின் அதற்குக் குறைந்தது 2 ஆண்டுகள், அதிகமாக 5 ஆண்டுகள் சிறை. ஆயுதத்தைச் சகோதரனை நோக்கி நீட்டுவதையே நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஷைத்தான் கையைத் தடுமாறச் செய்துவிடலாம் என்று காரணமும் கூறினார்கள் (புகாரி, முஸ்லிம்). பரணில் குண்டு நிரப்பி வைத்த துப்பாக்கி திருடனுக்காகக் காத்திருப்பதாக நாம் நினைக்கிறோம். அதை முதலில் எடுப்பவன் விளையாடும் குழந்தையாகவும் இருக்கலாம், கோபத்தில் அறிவிழந்த குடும்பத் தலைவனாகவும் இருக்கலாம்.

தாக்குபவன் வீட்டுக்காரனே ஆனால்?

இனி மிகவும் கவனமாகக் கேளுங்கள். திருடனைப் பற்றிப் பேசினால் நாம் அனைவரும் ஒருமித்துத் தலையசைக்கிறோம். ஆனால் ஒரு பெண்ணின் உடலில் காயம் உண்டாக்குபவன் பெரும்பாலும் சுவரேறி வந்தவன் அல்லன், சாவி வைத்திருப்பவன். 2019-21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழகத்தில் மணமான பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகக் கூறியிருக்கிறார்கள். இதில் எல்லாச் சமயத்தாரும் உண்டு. நம் வீடுகள் விலக்கு என்று சொல்ல நமக்கு என்ன ஆதாரம் இருக்கிறது?

நபி (ஸல்) அவர்கள் தம் கையால் எந்தப் பெண்ணையும், எந்தப் பணியாளரையும் ஒருபோதும் அடித்ததில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சாட்சி சொல்கிறார்கள் (முஸ்லிம்). கணவர்களின் அடி தாளாது பல பெண்கள் நபியவர்களின் இல்லத்தாரிடம் வந்து முறையிட்டபோது, அவ்வாறு அடிப்பவர்கள் உங்களில் சிறந்தவர்கள் அல்லர் என்று அறிவித்தார்கள் (அபூதாவூத்). வேத வசனத்தின் ஒரு சொல்லைத் தன் கோபத்திற்குக் கேடயமாகப் பிடிப்பவர், அவ்வேதம் எவர் மீது அருளப்பட்டதோ அவர்களின் கை எப்படி நடந்துகொண்டது என்பதைப் பார்க்க வேண்டாமா?

2012-ஆம் ஆண்டு மதுரையில் நடந்ததைச் சிலர் நினைவில் வைத்திருக்கலாம். மது போதையில் தன் மகளிடமே தகாத முறையில் நடக்க முயன்ற கணவனை, தாய் ஒருவர் கிரிக்கெட் மட்டையால் அடித்தார். அவன் இறந்துவிட்டான். அப்போது காவல் கண்காணிப்பாளராக இருந்த அஸ்ரா கார்க், மகளைக் காக்கச் செய்த இச்செயல் தண்டனைச் சட்டத்தின் 100-ஆவது பிரிவு தரும் தற்காப்பு உரிமைக்குள் அடங்கும் என்று கண்டு, அந்தத் தாயைச் சிறைக்கு அனுப்பாமல் விடுவித்தார். தாக்குபவன் கணவனாயினும், தந்தையாயினும், அந்த வீடே அவன் பெயரில் இருந்தாலும், தற்காப்பு உரிமை அவனுக்கு எதிராகவும் உண்டு என்பதை நாடு அன்று அறிந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பஞ்சாபிலிருந்து இங்கிலாந்திற்கு மணமுடித்துச் சென்ற கிரண்ஜித் அலுவாலியா என்னும் பெண், பத்தாண்டுகள் கணவனின் கொடுமையைச் சகித்தார். 1989-இல் ஓர் இரவு, அவன் உறங்கும்போது தீ வைத்துவிட்டார். அவன் இறந்தான். அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 1992-இல் மேல்முறையீட்டில் கொலைத் தீர்ப்பு நீக்கப்பட்டு, குறைந்த குற்றமாகக் கொள்ளப்பட்டு அவர் வெளியே வந்தார். ஆபத்து கண்முன் நிற்கும் கணத்தில் அடித்த மதுரைத் தாய்க்குத் தற்காப்பு உரிமை துணை நின்றது. உறங்குபவனைத் தாக்கிய பெண்ணுக்கு, பத்தாண்டுத் துன்பம் இருந்தும் அவ்வுரிமை கைகொடுக்கவில்லை.

எனவே சகோதரிகளே, அந்தக் கடைசி இரவு வரும்வரை பொறுத்திருப்பது ஸப்ரு அன்று. ஆரம்பத்திலேயே உதவி நாடுவதற்கு வழி இருக்கிறது. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. உடலை வருத்துவது மட்டுமன்றி, பாலியல் கொடுமை, இழிசொல், செலவுக்குப் பணம் தர மறுத்தல் ஆகியவற்றையும் அது வன்முறையாகவே கருதுகிறது. மாவட்டப் பாதுகாப்பு அலுவலர் வழியாகவோ நேரடியாகவோ நீதித்துறை நடுவரிடம் மனு அளிக்கலாம். அடிக்கக் கூடாது என்ற பாதுகாப்பு ஆணையும், வீட்டை விட்டு வெளியேற்றக் கூடாது என்ற குடியிருப்பு ஆணையும், பராமரிப்புத் தொகையும் பெறலாம். பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை உண்டு. இச்சட்டத்தை நாடுவதற்குத் தலாக்கோ குலாவோ முன்நிபந்தனை அன்று. மணவாழ்வில் இருந்துகொண்டே பாதுகாப்புக் கோரலாம்.

அயலாருக்கும் ஜமாஅத்தாருக்கும்

அநீதி இழைப்பவனாயினும் இழைக்கப்பட்டவனாயினும் உன் சகோதரனுக்கு உதவு என்று நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். அநீதி இழைப்பவனுக்கு எப்படி உதவுவது என்று தோழர்கள் கேட்டபோது, அவனைத் தடுப்பதே உதவி என்றார்கள் (புகாரி). பக்கத்து வீட்டில் அலறல் கேட்கும்போது, "அது அவர்கள் குடும்ப விஷயம்" என்று தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிக்கொள்கிறோமே, இது எந்த வகை அண்டை உரிமை? பிறர் உடலைக் காக்கும் உரிமையைச் சட்டமும் உங்களுக்குத் தந்திருக்கிறது. குறைந்தபட்சம் கதவைத் தட்டுங்கள். நால்வராகச் சென்று தட்டுங்கள். தட்டும் ஓசையே பல கைகளைக் கீழே இறக்கிவிடும்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். காயத்தோடு வரும் பெண்ணிடம் முதலில் சமரசம் பேசாதீர்கள். முதலில் மருத்துவமனைக்கு அனுப்புங்கள். அன்றிரவு அவரும் பிள்ளைகளும் எங்கே பத்திரமாக உறங்குவார்கள் என்று பாருங்கள். சமரசம் பிறகு வரட்டும். அதுவும் அவர் விரும்பினால் வரட்டும்.

இன்றே செய்ய வேண்டியவை

அவசர உதவிக்கு 112, பெண்களுக்கான உதவிக்கு 181, குழந்தைகளுக்கு 1098. இந்த மூன்று எண்களையும் வீட்டில் உள்ள குழந்தைக்குக்கூட மனப்பாடமாக்குங்கள். கதவுக்கு உறுதியான தாழ்ப்பாளும், வாசலில் விளக்கும், அண்டை வீட்டார் மூவரின் தொலைபேசி எண்ணும் இருக்கட்டும். இரவில் தாமதமாக வருபவர் முன்னரே தொலைபேசியில் தெரிவித்துவிட்டு, வாசலில் ஸலாம் சொல்லிப் பெயர் கூறி நுழையட்டும். அனுமதி கேட்டு நுழையும் ஒழுக்கத்தை மார்க்கம் கற்றுத் தந்ததில் எத்தனை உயிர்களின் பாதுகாப்பு அடங்கியிருக்கிறது!

அந்நியர் நுழைந்துவிட்டால், குடும்பத்தார் அனைவரும் ஓர் அறைக்குள் சென்று தாழிட்டுக்கொண்டு சத்தமிடுவதும் தொலைபேசியில் அழைப்பதுமே முதல் தற்காப்பு. கைகலப்பு நேர்ந்துவிட்டால், ஆபத்து நீங்கியவுடன் கையை நிறுத்துங்கள். காயம்பட்டவன் திருடனே ஆனாலும் ஆம்புலன்ஸை அழையுங்கள். இடத்தைக் கழுவாதீர்கள், பொருள்களை மாற்றாதீர்கள். உங்கள் உடலில் பட்ட காயத்தை அரசு மருத்துவரிடம் காட்டிப் பதிவு செய்யுங்கள். உள்ளதை உள்ளபடி காவல் துறையிடம் சொல்லுங்கள். தற்காப்பை நிலைநாட்டுவது பெரும்பாலும் இந்தச் சான்றுகள்தாம்.

பிள்ளைகளின் முன்னால் தாயை அடிக்கும் தகப்பன், அவர்களுக்கு ஒரு பாடம் நடத்துகிறான். மகன் அதைக் கையில் எழுதிக்கொள்கிறான், மகள் அதைத் தலையெழுத்தாக ஏற்றுக்கொள்கிறாள். அந்தப் பாடத்தை நிறுத்தும் ஆற்றல் ஒவ்வொரு தகப்பனிடமும் இருக்கிறது. இன்றிரவு கோபம் வந்தால் அமர்ந்துவிடுங்கள், உளூச் செய்யுங்கள், வெளியே வந்து நில்லுங்கள்.

ஒரு மனிதரை அநியாயமாகக் கொல்வது மனிதகுலம் முழுவதையும் கொல்வதற்கு ஒப்பாகும் என்றும், ஓருயிரைக் காப்பது அனைவரையும் காப்பதற்கு ஒப்பாகும் என்றும் திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் உணர்த்துகிறது. நம் இல்லங்களில் வாழ்வோரின் உயிரும் மானமும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். அவற்றைக் காக்க எழும் கைக்கு அல்லாஹ் வலிமை தருவானாக! அவற்றைச் சிதைக்க ஓங்கும் கையை அவனே தடுத்து, நம் வீடுகளை அச்சமற்ற அமைதியின் இருப்பிடங்களாக ஆக்கி அருள்வானாக!

ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.